ஒரு சொல்லைக் கொண்டு ஓர் அகராதிச் செயலியை உரசிப் பார்த்தபோது

பிழைதிருத்தும் வேலையில் இருப்பவர்கள், புதிய அகராதி ஒன்று கைக்கு வந்தால் அதை அகரத்திலிருந்து புரட்டுவதில்லை. அந்த வாரம் தங்களை உறுத்திக்கொண்டிருக்கும் சொல் எதுவோ அதைத் தேடிப் பார்ப்பார்கள். அந்த ஒரு பதிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டே மீதியையும் எடைபோட்டுவிடுவார்கள். சொற்பிறப்பு விளக்கத்தோடு வெளிவந்திருக்கும் தமிழ் அகராதிச் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, நான்கு மாதங்கள் நாள்தோறும் பயன்படுத்திய பிறகு எழுதும் இந்த மதிப்புரையும் அப்படிப்பட்டதுதான். என்னை உறுத்திய சொல் ‘வீழ்ச்சி’. திருத்தத்துக்கு வந்த கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் ‘கடிதம் எழுதும் பழக்கத்தின் வீழ்ச்சி’ என்று ஒரு தலைப்பு இருந்தது. இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனாலும் படிக்கும்போதெல்லாம் கண்ணில் தூசி விழுந்ததுபோல் இருந்தது. ஒரு பழக்கம் வீழுமா, சரியுமா, தேயுமா, நலியுமா, அருகுமா என்று கேட்டுக்கொண்டேதான் செயலியைத் திறந்தேன்.

செயலியின் பெயரைக் குறிப்பிடாமலே எழுதுகிறேன். சிறு குழு ஒன்றின் உழைப்பு அது. நான் கண்ட குறைகளில் சில, இதை நீங்கள் படிப்பதற்குள் திருத்தப்பட்டிருக்கவும் கூடும். இவ்வகை அகராதி எதை வாங்கும்போதும் அதை எந்தக் கல்லில் உரசிப் பார்ப்பது என்று காட்டுவதே என் நோக்கம் என்பதால், பெயர் இல்லாததால் வாசகருக்குப் பெரிய இழப்பில்லை.

தோற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுத்துரு தெளிவாக இருக்கிறது, தேடல் விரைவாக நடக்கிறது, இணையம் இல்லாதபோதும் வேலை செய்கிறது. ‘வீள்ச்சி’ என்று தவறாகத் தட்டினாலும் ‘வீழ்ச்சி’யைத்தான் தேடுகிறீர்களா என்று கேட்கிறது, ழகரமும் ளகரமும் குழம்பும் கைகளுக்கு இது பேருதவி. இரவில் படிப்பதற்கான கறுப்புப் பின்னணியில் மேற்கோள்கள் மங்கிப்போகின்றன என்பது மட்டும் கண்ணுக்குத் தொந்தரவு.

இனிப் பதிவுக்கு வருவோம். ‘வீழ்ச்சி’ என்று தேடினால் முதலில் ஆறு பொருள்கள் வரிசையாக வருகின்றன: கீழே விழுதல், தோல்வி, ஆட்சி முதலியவை கவிழ்தல், விலை முதலியவை குறைதல், சரிவு, நலிவு. எளிய வாசகருக்கு இது போதும் என்று தோன்றலாம். ஆனால் அடுத்து ‘சரிவு’ என்பதைத் தட்டிப் பாருங்கள்: ‘சாய்வு, இறக்கம், வீழ்ச்சி’ என்று வருகிறது. ‘நலிவு’ என்பதைத் தட்டினால் ‘தளர்ச்சி, மெலிவு, வீழ்ச்சி’. மூன்று வீடுகளும் ஒன்றுக்கொன்று வாசலைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. உள்ளே எவரும் அழைப்பதில்லை. பிங்கலம், திவாகரம் போன்ற நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை அடுக்கிச் சொன்னபோது அது குறையாக இருக்கவில்லை. மனப்பாடம் செய்து பாட்டுக் கட்டுகிறவனுக்கு வேண்டியது அதுதான். இன்று அகராதியைத் திறப்பவருக்கு வேண்டியது, ஒத்ததுபோல் தோன்றும் சொற்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி. அந்த இடைவெளியைச் செயலி காட்டவில்லை.

இருக்கும் இடைவெளியோ மிகத் துல்லியமானது. ‘சரிவு’ என்ற சொல்லுக்குள் ஒரு மலைப்பக்கம் இருக்கிறது. சாய்வான தரையில் ஒரு பொருள் நழுவிக்கொண்டு போகிறது. அது எங்கேனும் தட்டி நிற்கலாம், மறுபடி மேலே ஏற்றவும் படலாம். அதனால்தான் பங்குச் சந்தைச் செய்தி எழுதுபவர் காலையில் ‘சரிவு’ என்று எழுதி, மாலையில் ‘மீண்டது’ என்று கூச்சமில்லாமல் எழுதமுடிகிறது. ‘தேய்வு’ உராய்வினால் வருவது. நிலவுக்கு உராய்வு இல்லையென்றாலும் தேய்பிறை என்கிறோம், ஏனென்றால் அது நாளுக்கு ஒரு கீற்றாகக் குறைகிறது. கணக்கர்கள் இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைத் ‘தேய்மானம்’ என்று எழுதுவது இந்தச் சொல்லின் மெதுவை நன்கு அறிந்த வழக்கு. அங்கே ‘வீழ்மானம்’ என்று எவரும் எழுதத் துணியமாட்டார்கள். ‘நலிவு’ உடம்பிலிருந்து வருவது. நோயும் பசியும் அதன் பின்னால் நிற்கின்றன, ஆகவே அது இரக்கத்தைக் கேட்கும் சொல். ‘நசிவு’ வடமொழி ‘நாசம்’ என்பதன் உறவு. அழிவில் போய் முடியும் தேய்வு அது. ‘அதோகதி’யும் வடமொழி வரவுதான், ‘அதஸ்’ என்றால் கீழே, ‘கதி’ என்றால் செல்கை. ஆனால் பேச்சில் அது பாதி வேடிக்கையாகவே வழங்குகிறது. ‘வீழ்ச்சி’ இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபடுகிறது. அதற்கு ஓர் உயரம் வேண்டும். நின்றுகொண்டிருந்த ஒன்று தரையைத் தொடவேண்டும். பேரரசுக்கு வீழ்ச்சி பொருந்துவது அதனால். கடிதம் எழுதும் பழக்கம் எந்தக் கோபுரத்தின்மீது நின்றுகொண்டிருந்தது?

இந்த வேறுபாட்டைப் பதிவில் நான்கு வரியில் சொல்லிவிடலாம். 1992இல் முதலில் வெளிவந்து, 2008இலும் 2020இலும் விரிவான பதிப்புகள் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கொண்டு இத்தகைய வேறுபாடுகளை உணர்த்தும் வழியை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. செயலியிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆனால் ‘வீழ்ச்சி’க்குத் தந்திருக்கும் மூன்றும் செய்தித்தாள் தலைப்புகளின் சாயலில் இருக்கின்றன. மூன்றிலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுச் ‘சரிவு’ என்று போட்டால் ஒரு வேறுபாடும் தெரியாது. எடுத்துக்காட்டு என்பது பிற சொல் நுழையமுடியாத இடத்தைக் காட்டவேண்டும்.

சொற்பிறப்புப் பகுதிதான் இந்தச் செயலியின் விற்பனைக் காரணம். அங்கே நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. நல்லதை முதலில் சொல்கிறேன். ‘வீழ்’ என்ற வினையோடு ‘சி’ என்னும் தொழிற்பெயர் விகுதி சேர்ந்து, இடையே சகரம் மிகுந்து ‘வீழ்ச்சி’ ஆயிற்று என்று காட்டி, அதே அச்சில் வார்த்த மகிழ்ச்சி, புகழ்ச்சி, இகழ்ச்சி, தாழ்ச்சி, சூழ்ச்சி, நிகழ்ச்சி ஆகியவற்றையும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். வரிசையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியும் வீழ்ச்சியும் ஒரே பட்டறையில் செய்தவை என்பது தெரிந்த செய்திதான். அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போது ஏற்படும் சிறு திடுக்கிடல் வேறு. ‘விழு’, ‘வீழ்’ இரண்டும் ஒரே வேரின் குறில், நெடில் வடிவங்கள் என்பதற்குக் ‘கிழக்கு’, ‘கீழ்’ என்னும் இணையை ஒப்புக்காட்டியிருப்பதும் சரியான தேர்வு. தொடர்புடைய சொற்களில் ‘விழுக்காடு’ இருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். சாக்காடு, வேக்காடு ஆகியவற்றில் வரும் அதே ‘காடு’தான் அங்கும் இருக்கிறது, ஒருவர் பங்குக்கு விழுவது என்ற பொருளிலிருந்து நூற்றுக்கு இத்தனை என்ற கணக்குக்கு அச்சொல் வந்திருக்கிறது. ‘பத்து விழுக்காடு வீழ்ச்சி’ என்று எழுதும்போது ஒரே வேரை இரண்டு முறை எழுதுகிறோம் என்பதை அச்சுக்கூடத்தில் எத்தனை பேர் கவனித்திருப்போம்?

இனமொழிகளைப் பற்றிய குறிப்பும் தரமானது. மலையாளத்தில் ‘வீழுக’, கன்னடத்தில் ‘பீளு’. தமிழ் வகரத்துக்குக் கன்னடம் பகரம் தருவது ‘வேர்’, ‘வில்’ போன்ற பல சொற்களில் காணும் ஒழுங்கு என்பதையும், பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் பிற்காலத்தில் ளகரத்தோடு கலந்துவிட்டது என்பதையும் ஓரிரு வாக்கியத்தில் விளக்கியிருக்கிறார்கள். இதைவிடச் சுவையானது, அதே பெயர்ச்சொல் மலையாளத்தில் எடுத்த திருப்பம். அங்கே ‘வீழ்ச’ என்றால் விழுதல் என்பதோடு கடமையில் நேர்ந்த தவறு என்றும் பொருள்; ஓர் அலுவலர் தம் பணியைச் சரியாகச் செய்யவில்லை என்றால் ‘வீழ்ச வருத்தி’ என்பார்கள். தமிழில் மன்னர்களுக்கும் சந்தைகளுக்கும் போன சொல், பக்கத்து மொழியில் பொறுப்பற்ற அலுவலரிடம் போயிருக்கிறது. கன்னடத்திலோ உழாமல் போட்டுவைத்த தரிசு நிலத்துக்கு அந்த வடிவம் வழங்குகிறது. ஒரு சொல் மூன்று வீடுகளில் வளர்ந்த கதையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதற்கு மட்டுமே சந்தாவில் பாதியைக் கொடுக்கலாம்.

அடுத்த பத்தியைப் படித்ததும் அந்தப் பாதியைத் திருப்பிக் கேட்கத் தோன்றியது. ‘வீழ்’ என்பதன் மூலம் ‘வீ’ என்று செயலி உறுதியாகச் சொல்கிறது. ‘வீதல்’ என்றால் அழிதல், ‘வீ’ என்றால் உதிரும் நிலையிலுள்ள மலர். ஆகவே மலர் உதிர்வதே வீழ்ச்சியின் தொடக்கம் என்பது அதன் வாதம். படிக்க அழகாக இருக்கிறது. அழகாக இருக்கிறது என்பதனாலேயே சற்று அஞ்சவேண்டும். ‘வீ’ என்ற வினை உண்மையானது: நிழல் காலடியை விட்டு நீங்காததைச் சொல்லும் திருக்குறள் 208இல் ‘வீயாது அடிஉறைந் தற்று’ என்று வருகிறது. ஆனால் ‘வீ’யிலிருந்து ‘வீழ்’ பிறந்தது என்றால் அந்த ழகரம் எங்கிருந்து வந்து ஒட்டியது என்பதை விளக்கவேண்டும். மலையாளமும் கன்னடமும் அந்த இறுதி மெய்யை வேரின் உறுப்பாகவே காட்டும்போது, அதை வெறும் ஒட்டு என்று வெட்டிவிட ஓசை ஒற்றுமை மட்டும் போதாது. இதற்குமேல் இருக்கும் பத்தியிலேயே கன்னட ழகரத்தின் வரலாற்றைச் சொன்ன அதே கை இதையும் எழுதியிருக்குமா என்பது எனக்கு ஐயம். பதிவுகளைப் பலர் எழுதி, ஒருவரும் முழுதாகப் படிக்காமல் சேர்த்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

தவறாகச் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது பெரிது. ஆறு பொருள்களும் கீழ்நோக்கியே போகின்றன. ‘வீழ்’ என்ற வினைக்கான தனிப்பதிவிலும் இதே போக்குதான். அந்த வினைக்கு விரும்புதல் என்ற பொருள் உண்டு என்பதற்கு ஒரு குறிப்புக்கூட இல்லை. திருக்குறளின் மூன்றாம் பாலைத் திறந்தால் இந்தப் பொருள் கையில் வந்து விழுகிறது. ‘தாம்வீழ்வார் மென்றோள் துயிலின் இனிதுகொல் தாமரைக் கண்ணான் உலகு’ என்பது 1103ஆம் குறள். தாம் விரும்புகின்றவரின் தோளில் துயில்வதைவிட மேலுலகம் இனிதா என்று கேட்கிறது. 1191இல் ‘தாம்வீழ்வார் தம்வீழப் பெற்றவர்’ என்று, தாம் விரும்புகின்றவராலேயே விரும்பப்படும் பேறு பேசப்படுகிறது. அங்கே விழுகிறவர் எவரும் அழிவதில்லை. காதலில் ‘விழுந்தான்’ என்பதை ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கு என்று ஒதுக்கிவிடும் நாம், ‘வீழ்வார்’ என்பதற்குக் காதலர் என்று உரையாசிரியர்கள் எழுதியதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். அது இதுவேதான் என்று நான் சொல்லவரவில்லை. வினை ஒன்று, வழி வேறு. ஆனால் அந்த வழி இருந்ததைச் சொல்லாத பதிவு, சொல்லின் பிறப்பைச் சொல்லும் பதிவு ஆகாது.

மழையும் விழுவதுதான். ‘விசும்பின் துளிவீழின் அல்லால்’ பசும்புல்லின் தலையைக்கூடக் காணமுடியாது என்கிறது 16ஆம் குறள். ‘வீழ்நாள் படாஅமை நன்றாற்றின்’ என்று தொடங்கும் 38ஆம் குறளில் வீழ்நாள் என்பது வீணாகக் கழிந்த நாள். அடுத்த அடியிலேயே ‘வாழ்நாள்’ வந்து எதுகையாக நிற்கிறது. ஒரே நூலுக்குள், முதல் நான்கு அதிகாரங்களுக்குள்ளேயே, அந்த வினை உயிர் தருவதாகவும் நாளைக் கெடுப்பதாகவும் வருகிறது.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தியது நாலடியாரின் ஒரு வெண்பா. ‘சிதலை தினப்பட்ட ஆல மரத்தை மதலையாய் மற்றதன் வீழூன்றி யாங்கு’ என்று அது தொடங்குகிறது. சிதலை என்றால் கறையான். அடிமரத்தைக் கறையான் அரித்துவிட்டது. மரம் சாயவேண்டிய நேரம். அப்போது அந்த மரத்தின் கிளையிலிருந்தே இறங்கிய ‘வீழ்’, அதாவது விழுது, தரையில் ஊன்றித் தூணாக நின்று தாங்குகிறது. அதுபோலத் தந்தையிடம் தளர்ச்சி தோன்றினால் அவன் பெற்ற மகன் காக்க அது நீங்கும் என்கிறது பாட்டு. நலிவைத் தாங்கும் பொருளுக்குப் பெயர் ‘வீழ்’. நாம் இன்று நலிவுக்கே பெயராக வைத்திருக்கும் சொல்லின் வேரில், நலிவுக்கு முட்டுக்கொடுக்கும் தூண் நிற்கிறது. இந்த ஒரு மேற்கோளை ‘வீழ்’ பதிவில் சேர்த்திருந்தால், மலர் உதிர்கிற கற்பனைக்குத் தேவையே இருந்திருக்காது. செயலியில் ‘விழுது’ தனிப்பதிவாக இருக்கிறது. அங்கே ஆலமரம் இருக்கிறது. ஆனால் இரண்டு பதிவுகளுக்கும் இடையே ஒரு பாலமும் இல்லை.

இதற்கு நேரெதிரான பிழையும் ஒன்று உண்டு: பிரிக்கவேண்டியதைச் சேர்த்தது. ‘விழு’ என்று தேடினால் வரும் பட்டியலில் விழுதல், விழுது, விழுக்காடு ஆகியவற்றோடு ‘விழுப்புண்’ணும் வருகிறது, பொருள் விளக்கம், ‘கீழே விழுவதால் உண்டாகும் காயம்’. முதலில் சிரித்தேன், பிறகு இதைப் பார்த்து எழுதப்போகும் மாணவர்களை நினைத்துச் சிரிப்பு நின்றது. விழுப்புண் என்பது போரில் மார்பிலும் முகத்திலும் ஏற்ற சிறந்த புண். அந்தப் புண் படாத நாளையெல்லாம் வீரன் வீணான நாள்களின் கணக்கில் வைப்பான் என்று 776ஆம் குறள் சொல்கிறது. அங்குள்ள ‘விழு’ சிறப்பைக் குறிக்கும் வேறொரு சொல். ‘விழுமிய’, ‘விழுப்பம்’ ஆகியவற்றில் இருப்பது. ஒழுக்கம் விழுப்பம் தருவதால் அது உயிரினும் மேலாகக் காக்கப்படும் என்ற 131ஆம் குறளைப் பள்ளியில் படித்த எவருக்கும் இது தெரிந்திருக்கும். வடிவம் ஒன்றாகவும் பிறப்பு வேறாகவும் உள்ள சொற்களுக்கு மேலே சிற்றெண் இட்டுத் தனித்தனித் தலைச்சொல்லாகப் பிரிப்பது அகராதிக்கலையின் பாலபாடம்.

‘விழுமம்’ என்ற சொல்லில் மட்டும் செயலியின் குழப்பத்துக்கு ஓரளவு பரிவு காட்டலாம். ‘விழுமம் சீர்மையும் சிறப்பும் இடும்பையும்’ என்று தொல்காப்பிய உரியியலே சொல்கிறது: ஒரே சொல்லுக்கு உயர்வும் துன்பமும் பொருள். சிறப்பைக் குறிக்கும் ‘விழு’வும் விழுதலைக் குறிக்கும் ‘விழு’வும் அங்கே வந்து உரசிக்கொண்டனவா என்று ஆராய இடமிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில்தான் பதிவாசிரியர் நின்று இரண்டு வாக்கியம் எழுதவேண்டும். இங்கே ‘விழுமம்: மதிப்பு’ என்று ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது; இக்காலக் கட்டுரையாளர்கள் ‘விழுமியம்’ என்று எழுதுவதைக் கருதியிருப்பார்கள் போலும்.

காலம் என்ற பரிமாணம் எங்கும் இல்லை என்பது அடுத்த குறை. என் தொழிலுக்கு இதுவே பெரிய குறை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924இலிருந்து 1936வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் துணைத் தொகுதியாகவும் வந்தது. அது ஒவ்வொரு பொருளுக்கும் தன்னால் இயன்றவரை மேற்கோளும் அது வந்த நூலின் பெயரும் தந்தது. நூலின் பெயர் தெரிந்தால் காலம் ஓரளவு தெரிந்துவிடும். எந்தப் பொருள் பழையது, எது நேற்று முளைத்தது என்று வாசகரே கணித்துக்கொள்வார். கையில் தூக்கமுடியாத அந்தத் தொகுதிகளைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிகளில் இன்று எவரும் இலவசமாகத் தேடலாம். அந்த வசதி இருக்கும்போது, சந்தா வாங்கும் செயலி ஒன்று மேற்கோளின் மூலத்தைச் சொல்லாமல் விடுவது எனக்கு விளங்கவில்லை.

‘வீழ்ச்சி’யைப் பொறுத்தவரை காலம் தெரிவது இன்னும் முக்கியம். ஓர் ஆட்சி முடிவதைக் குறிக்க அந்தச் சொல் இன்று முதலில் நினைவுக்கு வருகிறது. பாரதியாரின் ‘புதிய ருஷியா’ பாடல் தொகுப்புகளில் ‘ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சி’ என்ற துணைத்தலைப்போடு அச்சாகிறது. ஜார் முடியிழந்தது 1917இல், பாரதியார் மறைந்தது 1921இல். அந்தப் பாடலில் ‘இமயமலை வீழ்ந்ததுபோல் வீழ்ந்துவிட்டான் ஜாரரசன்’ என்று ஓரடி வருகிறது. முதல் ‘வீழ்ந்தது’ மலைக்கு, கண்ணால் காணக்கூடிய விழுதல். இரண்டாவது அரசனுக்கு, அதிகாரம் போன விழுதல். உருவகம் பிறக்கும் இடம் ஒரே அடிக்குள் அகப்படுகிறது. இப்படியோர் எடுத்துக்காட்டை விட்டுவிட்டு, ‘நிறுவனத்தின் வீழ்ச்சி அனைவரையும் அதிர்ச்சியில் ஆழ்த்தியது’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வாக்கியமும் எல்லோரையும் ஆழ்த்திக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே இடைச்செருகலாக ஒன்று. ‘வீழ்ச்சி’ என்ற பெயர்ச்சொல்லுக்கு ஒரு தந்திரம் உண்டு. ‘வீழ்ந்தது’ என்றால் தானாக. ‘வீழ்த்தப்பட்டது’ என்றால் பிறரால். ‘ஆட்சியின் வீழ்ச்சி’ என்று பெயராக்கிவிட்டால் தள்ளிய கை மறைந்துவிடுகிறது. அரசியல் எழுத்தில் இந்தச் சொல் இவ்வளவு வசதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘வீழ்த்து’ என்ற பிறவினைக்குச் செயலியில் நல்ல பதிவு இருக்கிறது. இந்த நுட்பத்தை அங்கே ஒரு குறிப்பாகச் சேர்க்கலாம்.

‘பிறமொழிச் சாளரம்’ என்ற பகுதியை நான் குறைசொல்வதற்காகத் திறந்து, ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன். ஆங்கில ‘டிக்ளைன்’ இலத்தீன் ‘தெக்ளினாரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, அதன் வேர்ப்பொருள் சாய்தல், விலகி வளைதல். ‘டெகடன்ஸ்’ என்பதன் உள்ளே இருப்பது ‘கதேரே’, விழுதல். ஆக, ஒன்று நம் ‘சரிவு’, மற்றொன்று நம் ‘வீழ்ச்சி’; இரண்டு மொழிக் குடும்பங்கள் தாழ்வை நினைக்கும்போது ஒரே இரண்டு காட்சிகளை, ஒரு சாய்ந்த தரையையும் ஓர் உயரத்தையும், தனித்தனியே கண்டிருக்கின்றன. இதைவிட வியப்பானது இலக்கணக் குறிப்பு. நாம் வேற்றுமை என்று சொல்வதைக் கிரேக்கர்கள் ‘ப்டோசிஸ்’ என்றார்கள். அதற்கு விழுதல் என்றே பொருள். இலத்தீன் இலக்கணிகள் அதைக் ‘காசுஸ்’ என்று மொழிபெயர்த்தார்கள், அதுவும் விழுதலே. ஆங்கில இலக்கணத்தின் ‘கேஸ்’ அதிலிருந்து வந்தது. எழுவாயாக நிமிர்ந்து நிற்கும் பெயர்ச்சொல், பிற உருபுகளை ஏற்கும்போது அந்த நிலையிலிருந்து சாய்கிறது, விழுகிறது என்ற எண்ணம் அது. நம் இலக்கணிகளோ பெயரின் பொருளை உருபு வேறுபடுத்துகிறது என்று பார்த்து ‘வேற்றுமை’ என்றார்கள், எவரையும் விழவைக்கவில்லை. கண்மருத்துவர்கள் மேலிமை தொங்கிப்போவதை ‘டோசிஸ்’ என்று இன்றும் எழுதுவது அதே கிரேக்கச் சொல்தான். இந்தப் பகுதியை எழுதியவர் எவரோ, அவரிடமே தமிழ்ப் பதிவுகளையும் ஒப்படைத்திருக்கலாம்.

இன்னொரு சொல்லையும் சோதித்தேன், நியாயம் கருதி. ‘இழிவு’ என்று தேடினேன். இங்கே செயலி தேறிவிட்டது. ‘இழிதல்’ முதலில் இறங்குதல் மட்டுமே என்றும், திருமுருகாற்றுப்படையின் இறுதியில் அருவி ‘இழுமென இழிதரும்’ என்றும், மானம் பற்றிய குறளில் ‘தலையின் இழிந்த மயிர்’ என்று வரும்போதுதான் இறக்கமும் இகழ்ச்சியும் ஒன்றாகத் தெரிகின்றன என்றும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் அருவிக்குப் பெருமையாக இருந்த சொல்லை இன்று எந்த அருவிக்கும் சொல்லமுடியாது. அதனால்தான் போலும் ‘நீர்வீழ்ச்சி’ என்று புதிதாகக் கட்டிக்கொண்டோம், ‘அருவி’ என்ற சொல் கையிலேயே இருந்தபோதும். இப்படி எழுதத் தெரிந்தவர்கள் ‘வீழ்ச்சி’யில் ஏன் சறுக்கினார்கள் என்பது எனக்கு இன்னும் புதிர்.

கருத்து அனுப்பும் வசதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. விழுப்புண்ணைப் பற்றி எழுதியபோது ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நன்றி சொல்லி, விளக்கத்தைத் திருத்தியும்விட்டார்கள். ஆனால் சொல் இன்னும் ‘விழு’ பட்டியலில்தான் இருக்கிறது: வீட்டை மாற்றாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியதுபோல. ‘வீ’ பற்றிய இரண்டாம் கடிதத்துக்கு, ‘அறிஞர் குழுவின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற வரி வந்தது. அதற்குப் பிறகு மூன்று புதுப்பிப்புகள் வந்துவிட்டன. மலர் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், திராவிட மொழிகளுக்கிடையே ஒரு சொல் எப்படி அலைகிறது என்று ஆர்வத்தோடு பார்ப்பவருக்குத் தயங்காமல் சொல்வேன். மொழிபெயர்ப்பாளருக்கும் அந்தப் பிறமொழிச் சாளரம் பயன்படும். பழந்தமிழ் படிக்கும் மாணவர் இதை மட்டும் நம்பக்கூடாது. லெக்சிகனைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டே இதைத் திறக்கவேண்டும். என்னைப்போல் நெருங்கிய சொற்களுக்கிடையே தேர்ந்தெடுக்கவேண்டியவருக்கு இது பாதி உதவிதான். நான் சந்தாவைப் புதுப்பிப்பேனா என்பது அடுத்த எட்டு மாதங்களில் ‘சரிவு’, ‘நலிவு’ பதிவுகளுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பொறுத்தது.

அந்தக் கட்டுரைத் தலைப்பை, ‘அருகிவரும் கடிதப் பழக்கம்’ என்று திருத்தி அனுப்பினேன். ஆசிரியர் ஓரக்குறிப்பில், ‘அருகி என்றால் நெருங்கி என்று பொருளாகிவிடாதா?’ என்று கேட்டிருந்தார். நியாயமான ஐயம், அந்த வினைக்கு அருமையாதல், குறைதல் என்ற பொருளும் உண்டு என்று காட்டுவதற்காகச் செயலியில் ‘அருகு’ என்று தட்டினேன். ‘பக்கம், அண்மை’ என்று வந்தது, வேறொன்றும் இல்லை. மூன்றாம் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.